இரட்டை ஏரிப் பகுதியில் ஒரு நீர்ப் பராமரிப்புச் சேவை: ஒரு பருவமழைக்கும் ஒரு கோடைக்கும் பின் எழுதும் மதிப்பீடு

மாதவரம், கொளத்தூர் பகுதிகளில் அடுக்ககங்களுக்கும் தனிவீடுகளுக்கும் மழைநீர்க் கிணறு அமைத்துத் தருவதோடு, அந்தந்தத் தெருவின் வடிகாலையும் இரட்டை ஏரிக்கு நீர் வரும் வழிகளையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு சிறு குழு இயங்கி வருகிறது. எங்கள் அடுக்ககம் அவர்களுடைய சேவையை ஒரு வடகிழக்குப் பருவமழையிலும் அதற்கடுத்த முழுக் கோடையிலும் பயன்படுத்தியிருக்கிறது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பணம் கொடுத்தவளும், கிணறு தோண்டும்போது அருகில் நின்று பார்த்தவளும், பிறகு குடியிருப்போரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தவளும் நானே என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று குழுவினர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். இருந்தாலும், வடசென்னையில் இத்தகைய சேவையை எவர் அளிக்க முன்வந்தாலும் எதற்குப் பணம் தரலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

கட்டண முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலைக்கு, அதாவது மொட்டைமாடிக் குழாய்களை இணைப்பது, வடிகட்டித் தொட்டி கட்டுவது, உறைக்கிணறு இறக்குவது ஆகியவற்றுக்கு, அளவைப் பொறுத்து ஒரே தவணையில் கட்டணம் வாங்குகிறார்கள். தெருவைக் கண்காணிப்பதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. ஏரி தொடர்பான வேலைக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக, சந்தா கட்டும் ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஓர் ஆள் மாதம் ஒரு முறை கரைக்கு வர வேண்டும். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, முந்தைய கோடையில் தனியார் லாரித் தண்ணீருக்கு நாங்கள் கொடுத்த தொகையைவிடக் குறைவு. ஒரு தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து வந்தால் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். அது வியாபாரத் தள்ளுபடி என்றுதான் நான் முதலில் எண்ணியிருந்தேன். அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிணறு மட்டும் வேண்டும் என்றால் நல்ல கொத்தனாரும் உறை இறக்கும் ஆட்களும் போதும். இவர்களை அழைப்பதற்கான உண்மையான காரணம், எங்கள் பகுதியில் நீர் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை என்பதுதான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரி நிரம்பினால் இரட்டை ஏரிக்கும் நீர் வருவது பழைய சங்கிலி ஏரி அமைப்பு. இரட்டை ஏரியின் உபரிநீர் தணிகாசலம் நகர்க் கால்வாய் வழியாகக் கொடுங்கையூர்ப் பக்கம் சென்று, பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. இந்த ஒரே நீர்வழியில் ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறது. தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பார்வையிலும், கரையோர நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடமும் இருக்கின்றன. ஒரு வீட்டின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விழுந்து ஏரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொன்னால், கழிவுநீர் என்பதால் குடிநீர் வாரியத்தின் 1916இல் சொல்லச் சொல்வார்கள். அங்கே சொன்னால், வடிகால் மாநகராட்சியுடையது என்பார்கள். இரண்டு பதிலிலும் தவறில்லை என்பதுதான் இதில் உள்ள வேதனை.

ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீரில் பாசனம் பெறும் வயல்பரப்பு, இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இருந்திருக்க முடியாது. மதகைத் திறந்து மூடவும், வயல்களுக்கு முறை வைத்து நீர் விடவும், வரத்துக் கால்வாயில் அடைப்பு என்றால் ஊராருக்குச் சொல்லவும் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். கரையை ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்தை ஆங்கில அரசு 1858இல் சட்டமாகவே எழுதி வைத்தது. அந்தச் சட்டத்தில் கட்டாய உழைப்பின் கசப்பும் கலந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, ஆயக்கட்டு விவசாயிகளின் பங்கேற்பையே அது அடிப்படையாகக் கொண்டது. ஆயக்கட்டு முழுவதும் மனைப்பிரிவாகி வீடுகளாகிவிட்ட எங்கள் ஏரிக்கு அந்தப் பங்கேற்பாளர் யார்? மொட்டைமாடியில் விழும் மழையும் கழிவறையிலிருந்து போகும் நீரும் எந்த ஏரியைத் தொடுகின்றனவோ, அந்த ஏரிக்கு நாங்கள்தான் இன்றைய ஆயக்கட்டுதாரர்கள் என்பது குழுவின் நிலைப்பாடு. நீர்க்கட்டி செய்த வேலையை ஒரு சந்தாவுக்குள் கொண்டுவர முயல்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். இந்த மதிப்பீட்டில் நான் அவர்களை அளப்பதும் அந்த வேலையை வைத்துத்தான்.

வீட்டு வேலையில் அவர்களுடைய திறமை ஐயத்துக்கு இடமில்லாதது. முதல் நாளில் அவர்கள் எதையும் விற்க முயலவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி ஒவ்வொரு மழைநீர்க் குழாயிலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, கீழே எங்கே வருகிறது என்று பார்த்தார்கள். 2003இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு எழுந்த கட்டடம் எங்களுடையது. எனவே வரைபடத்தில் சேகரிப்புக் குழி இருந்தது, கட்டடத்திலும் இருந்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே உடைந்த டைல்ஸ் துண்டுகளும் இறுகிப்போன சிமெண்டுக் கலவையும் கிடந்தன. குழாய்களில் ஒன்று அந்தக் குழிக்கு ஓர் அடி தள்ளி, தரையிலேயே முடிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் குழாயின் நீர் வாகன நிறுத்தத்தை நனைத்துவிட்டுத் தெருவுக்குப் போயிருக்கிறது.

எவ்வளவு நீர் அப்படிப் போனது என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டிய விதம் குடியிருப்போர் கூட்டத்தில் நன்றாக எடுபட்டது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதன்மேல் ஆண்டு முழுவதும் விழுவது 1,30,000 லிட்டர். முதல் மழையின் அழுக்கு நீரையும் காய்ந்துபோவதையும் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் அது எட்டு நடை. லாரிக் கணக்கில் சொன்னதும் கூட்டத்தில் எதிர்ப்புக் குரல்கள் அடங்கிவிட்டன.

எங்கள் மனையில் கட்டடத்துக்கு முன்பிருந்த பழைய வீட்டின் கிணறு, பலகைக் கல்லால் மூடப்பட்டுப் பூந்தொட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அதை மூடித் தூர்த்துவிடலாம் என்று எங்களில் பலர் சொல்லியிருந்தோம். குழுவினர் அதற்கு ஒப்பவில்லை. மொட்டைமாடி நீரை வடிகட்டித் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்கு விடுவது, முற்றத்திலும் வாகன நிறுத்தத்திலும் ஓடும் நீரைத் தனியாக ஒரு புதிய உறைக்கிணற்றுக்கு விடுவது என்று பிரித்தார்கள். வாகனங்களின் எண்ணெயும் சாக்கடைக் கசிவும் கலக்கக்கூடிய தரைநீரைத் திறந்த கிணற்றில் நேரடியாக விடக் கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. குறைந்த விலைக்கு வேலை செய்ய வந்த வேறு சிலர் எல்லாக் குழாய்களையும் ஒரே கிணற்றில் சேர்த்துவிடலாம் என்றதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உறை இறக்கிய நாளில் நான் பார்த்தவற்றில் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மேலே கட்டட இடிபாடும் செங்கல் தூளும் வந்தன. அதன்கீழே கறுத்த ஈரக் களிமண், கடப்பாரையை இழுத்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்குப் பிசுபிசுப்பாக வந்தது. பேசிய ஆழத்தைத் தொட்டபோதும் களிமண்தான் இருந்தது. செலவை நினைத்து நான், இத்தோடு போதுமா என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தி, “யக்கா, இந்தக் களிமண்ணு தண்ணி குடிக்காது. கீழ மணலு வர்ற வரிக்கும் இறக்கணும். காசு பாத்து நடுவுல நிப்பாட்டிட்டு அப்பால என்னத் திட்டக் கூடாது” என்றார். இன்னும் மூன்று உறைகள் இறங்கிய பிறகு மஞ்சள் நிறப் பருமணல் வந்தது. அதன்பிறகு கிணற்றுக்குள் ஒரு டிரம் நீரைக் கொட்டி, அது இறங்கும் வேகத்தைப் பார்த்த பின்னர்தான் மூடி போட்டார்கள். வடசென்னையில் கடலோரத் திருவொற்றியூர்ப் பக்கம் மணல் மேலேயே கிடைக்கும். உட்பகுதிகளில் களிமண் படலம் குறுக்கே நிற்கும் இடங்கள் உண்டு. களிமண்ணில் நின்றுவிடும் மழைநீர்க் குழி கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுப்பதற்குச் சமம். எனவே, ஆழத்தை அடிக்கணக்கில் முன்கூட்டியே உறுதியாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நீர்மட்டம் அளப்பதற்கு அவர்கள் எங்கள் காவலாளியிடம் ஓர் இரும்பு நாடாவும் சாக்பீஸும் கொடுத்திருக்கிறார்கள். நாடாவின் கீழ்ப்பகுதியில் சாக்பீஸைத் தடவிக் கிணற்றில் விட்டு, விளிம்பில் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டு மேலே இழுத்தால், நனைந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். விளிம்பில் பார்த்த அளவிலிருந்து நனைந்த அளவைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைத்துவிடும். மின்சாரமோ கருவியோ வேண்டியதில்லை. காவலாளி அண்ணன் முதலில் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்து நோட்டில் எழுதாமல் தேநீர் குடிக்கப் போவதில்லை.

விளைவுக்கு வருகிறேன். வேலைக்கு முந்தைய மே மாதத்தில் பழைய கிணற்று நீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 1,900 மில்லிகிராமை ஒட்டி இருந்தது. மழை முடிந்த ஜனவரியில் அது 1,100க்கு இறங்கியது. அடுத்த மே மாதத்தில் மீண்டும் 1,500ஐத் தாண்டியது. அந்தக் கோடையில் லாரி அழைப்பதைப் பாதிக்கும் மேல் குறைத்தோம். அறவே நிறுத்த முடியவில்லை. இது நல்ல விளைவு என்றே நான் கருதுகிறேன். ஆனால், எங்கள் குடியிருப்பில் சிலர் ஜனவரி மாத அளவைப் பார்த்துவிட்டு, கேன் தண்ணீரையும் நிறுத்திவிடலாம் என்று பேசத் தொடங்கினார்கள். குழுவினர் அந்தப் பேச்சை உடனே மறுக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரம், டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. அதே தரம் நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது என்றும், குடிநீரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர் காணப்படவே கூடாது என்றும் சொல்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். சாக்கடைக் கிருமியையோ எண்ணெயையோ காட்டாது. மணலியின் ஆலைகளுக்கும் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. ஆய்வகச் சோதனையைச் சேவையின் ஒரு பகுதியாகவே வைத்துக் கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் நான் ஒப்புக்கொள்வேன்; இப்போது அது எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, விருப்பத்துக்கு விட்டால் யாரும் செய்வதில்லை.

தெருவாகச் சேர்ந்தால் கட்டணம் குறைவு என்றதற்குக் காரணம் இங்கேதான் வருகிறது. “நாம் இறக்குகிற தண்ணீரை அடுத்த வீட்டு போர் உறிஞ்சிவிடாதா?” என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உறிஞ்சும் என்றே குழுவின் ஒருங்கிணைப்பாளர் பதில் சொன்னார். நிலத்துக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. ஒரு வீடு இறக்கி ஒன்பது வீடுகள் எடுத்தால் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பானதை வடசென்னைக்காரர்களுக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. 2010இல் மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் இயங்கத் தொடங்கியது. கடல் நிலத்துக்கு அடியில் வந்த அதே பகுதியில், கடலிலிருந்தே குடிநீர் எடுக்கும் நிலை வந்துவிட்டது. எங்கள் தெருவில் இதுவரை சேர்ந்தவை நான்கு வீடுகள். ஐந்தாவது வீட்டுக்காரர், நான்கு வீடுகள் செய்தாலே தமக்கும் ஊற்று வரும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அவர் கணக்கில் பிழை காண எங்களால் முடியவில்லை.

தெருக் கண்காணிப்பில் அவர்களுடைய அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. மழை இல்லாத ஒரு வாரத்தில் எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மழையில்லாமல் மழைநீர் வடிகால் ஓடுகிறது என்றால் எங்கோ கழிவுநீர் சேர்கிறது என்று பொருள். ஐயத்துக்குரிய வீட்டுக்காரரின் ஒப்புதலோடு அவருடைய குளியலறையில் சாயத்தூள் கலந்த நீரை ஊற்றினார்கள். தெருவில் வடிகால் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். சற்று நேரத்தில் கறுப்பு நீரின் நடுவே பச்சைக் கோடு ஒன்று நெளிந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். தெரிந்தே அவர் எதையும் மறைக்கவில்லை. மாதவரம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. அவர் வீடு கட்டிய காலத்தில் அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை வரவில்லை, பிளம்பர் கிடைத்த வழியில் குழாயை விட்டுவிட்டார். குழுவினர் அவர்மீது புகார் எழுதவில்லை. குடிநீர் வாரியத்தில் இணைப்புக்கு விண்ணப்பிக்க அவருக்கு உதவினார்கள், இணைப்பு வந்த பிறகு பழைய குழாயை அடைத்தார்கள். முதல் நாளே மனு எழுதியிருந்தால் அந்தத் தெருவில் அடுத்த கதவு திறந்திருக்காது.

கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் மாநகராட்சி கட்டிவரும் மழைநீர் வடிகால்கள் பற்றி இந்தக் குழுவுக்கும் எனக்கும் சிறிது கருத்து வேறுபாடு உண்டு. வடிகால் நீரை விரைவாக வெளியேற்றிவிடுகிறது, நிலத்தில் இறங்க விடுவதில்லை என்பது அவர்களுடைய குறை. அது சரியான குறைதான். ஆயினும் 2015ஐயும் 2023ஐயும் முழங்கால் நீரில் கழித்தவர்களிடம் நீரைத் தேக்குவோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. குழு பரிந்துரைக்கும் தீர்வு எளிமையானது: வீட்டுக்குள் இறங்கக்கூடிய நீரை வீட்டுக்குள்ளேயே இறக்கிவிட்டு, மீதியை மட்டும் வடிகாலுக்கு விடுவது. எங்கள் கட்டடத்தில் உறைக்கிணற்றின் மேல்விளிம்பிலிருந்து வடிகாலுக்கு ஒரு வழிதல் குழாய் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் மழையில் அந்தக் குழாயில் நீர் வரத் தொடங்கியபோது தெருவில் ஏற்கெனவே கணுக்கால் அளவு நீர் நின்றது. ஒரு கட்டடத்தால் வெள்ளம் குறையாது என்பதை நேரில் பார்த்தோம்.

ஏரி வேலையில் அவர்களுடைய மிகச் சிறந்த பொருள் ஒரு தாள். நான் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஒரு கால்வாய் அடைப்பைப் பற்றிய மனுவை ஐந்து துறைகளுக்கு ஐந்து விதமாக எழுதாமல், ஒரே மனுவில் ஒவ்வொரு துறைக்கும் தனிப் பத்தியாக, அந்தத் துறை செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதுகிறார்கள். மேலே இடத்தின் சர்வே எண், கீழே மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள், கடைசியில் எல்லாத் துறைகளுக்கும் நகல். ஒரு துறை அடுத்த துறையைக் கைகாட்டினால், அந்தத் துறைக்கும் நகல் ஏற்கெனவே போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இப்படி எழுதியதில் வடிகால் வாயின் இரும்புச் சல்லடையை மாநகராட்சி ஊழியர்கள் வந்து சுத்தம் செய்தார்கள். வரத்துக் கால்வாயின் ஒரு பகுதியில் ஆகாயத்தாமரை அகற்றப்பட்டது. கரையோர ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதியதற்கு ஏற்புக் கடிதத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே இருக்கிறது; அதன்கீழ் எல்லையை அளந்து குறிப்பதே முதல் படி என்பதால், அளவைக்கு மட்டும் மனுக் கொடுக்கிறார்கள், இடிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. கரையில் குடிசை போட்டு வாழ்பவர்களுக்கும் கரையை வளைத்துச் சுவர் எழுப்பியவர்களுக்கும் இடையே அவர்கள் வேறுபாடு பார்க்கிறார்கள் என்பதை நான் கவனித்தேன், அதை மதிக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும், அவர்களுடைய வரைபடம் இரட்டை ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலோடு முடிந்துவிடுகிறது. மேலே அம்பத்தூர், கொரட்டூர் வரை கால்வாய் கால்வாயாக வரைந்திருக்கிறார்கள். கீழே எதுவும் இல்லை. எங்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் உள்ள அக்கறை, எங்களிடமிருந்து எங்கே போகிறது என்பதில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் சதுப்பு மரங்களின் வேர்களிலும் தார்போல ஒட்டிக்கொண்டதை ஊரே பார்த்தது. அந்த எண்ணெய்க்கு எங்கள் தெரு காரணமில்லை. ஆனால், எங்கள் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் போய்ச் சேருவதும் அதே கழிமுகத்தில்தான். காட்டுக்குப்பத்திலிருந்தோ முகத்துவாரக்குப்பத்திலிருந்தோ ஒரு மீனவரைக்கூட இவர்கள் கரைக் கூட்டத்துக்கு அழைத்ததில்லை. கடைமடைக்காரரைக் கேட்காத நீர்க்கட்டி தன் வேலையைப் பாதிதான் செய்கிறார். நான் இதை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது, “மேடம், இருக்கிற ஆளுங்களை வெச்சு இவ்ளோதான் முடியுது” என்றார். நியாயமான பதில், குறை தீர்ந்துவிடவில்லை.

மற்றவை நிர்வாகக் குறைகள். ரசீது முறையாகத் தருவதில்லை. கேட்ட பிறகு கையால் எழுதிக் கொடுத்தார்கள், எங்கள் தணிக்கையாளர் முகம் சுளித்தார். செப்டம்பரில் அழைத்தவர்களுக்கு நவம்பரில்தான் ஆள் வருகிறது. கோடையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் ஆண்டுதோறும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் என்பதைக் கடைசி நாளில் போகிற போக்கில்தான் சொன்னார்கள். அதைச் செய்ய வந்த ஆட்களுக்குத் தனிக் கட்டணம் ஆனது. அது முதலிலேயே எழுத்தில் இருந்திருக்க வேண்டும். நீர்மட்ட விவரங்கள் உரிமையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் போகின்றன. எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள், தண்ணீரைப் பயன்படுத்துபவர்களும் அவர்களே. அடிபம்பில் குடம் நிரப்பிப் பழகிய வீட்டுப் பணியாளர் ஒருவர், கிணற்று நீரின் வாசம் மாறியிருப்பதை மீட்டர் காட்டுவதற்கு முன்பே எங்களிடம் சொன்னார். அவரைப் போன்றவர்களைக் கேட்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா விவரங்களும் ஒரே ஒருங்கிணைப்பாளரின் தலையிலும் கைப்பேசியிலும் இருக்கின்றன. அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஒரு மனுவின் எண்ணைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை.

மழைநீர் சேகரிப்பை வீட்டளவில் மட்டும் கற்றுக்கொள்ள விரும்புவோர், ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002இல் தொடங்கிய மழை மையத்தில் மாதிரிகளைப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கொத்தனாரை வைத்தே செய்துகொள்ளலாம். தனிவீட்டுக்காரர்களுக்கு அது போதும், செலவும் குறையும். பழைய கிணறு இருக்கும் அடுக்ககங்கள், வடிகாலில் எப்போதும் நீர் ஓடும் தெருக்கள், ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு இந்தக் குழுவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நீர் ஒரே மழையில் இனிப்பாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும், மாதம் ஒரு முறை கரைக்கு ஆள் அனுப்ப மனமில்லாதவர்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சந்தா கட்டிவிட்டுக் கரைக்கு வராத கட்டடங்களின் பெயரை அவர்கள் கூட்டத்தில் வாசிக்கிறார்கள்.

எங்கள் சங்கம் அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்ட முடிவு செய்திருக்கிறது. பணத்தோடு மூன்று கோரிக்கைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: மே மாதமும் ஜனவரியும் ஆய்வகச் சோதனை, நீர்மட்டக் கணக்கை மின்தூக்கிக்கு அருகில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவது, கலங்கலுக்குக் கீழே தணிகாசலம் நகர்க் கால்வாயையும் வரைபடத்தில் சேர்ப்பது. முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதற்கு, கால்வாயோரமாக நடந்து படம் எடுக்க எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார், இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.